குட்டிப் பிள்ளையோடு ஆப்பிள் பறிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: ஆப்பிள் பறிக்க எப்போது போகலாம், எங்கே போகலாம். கூடவே அதே சந்தேகங்களும் வரிசைகட்டி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்து அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது.

ஆப்பிள் பறிக்கப் போறதுன்னா என்ன? யாரோ ஒருத்தர் தோட்டத்துல நாம போய்ப் பறிக்கலாமா?

பறிக்கலாம், காசு கட்டிவிட்டு. அறுவடைக் காலத்தில் தோட்டக்காரர்கள் தோட்டத்தின் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். வாசலில் காலிப் பையை விலைக்கு வாங்கி, உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். சில இடங்களில் பையின் விலையோடு சரி. சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் தனி. சின்னப் பிள்ளைக்கு எந்த வயது வரை இலவசம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கோவிட் காலத்துக்குப் பிறகு பல தோட்டங்கள் நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் விடுகின்றன. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்டாரியோவில் ஆப்பிள் பெரும்பாலும் பெரிய ஏரிகளை ஒட்டியே விளைகிறது. ஜார்ஜியன் விரிகுடாக் கரையில் மீஃபர்ட், தார்ன்பரி. ஈரி ஏரிப் பக்கம் நார்ஃபோக். ஒன்டாரியோ ஏரிக் கரையில் நயாகராவும் நார்தம்பர்லண்டும். வசந்த காலத்தில் ஏரித் தண்ணீர் சீக்கிரம் சூடாகாது. அதனால் கரையோர மரங்கள் தாமதமாகப் பூத்துப் பின்பனியிலிருந்து தப்பிக்கின்றன. ஆனால் சின்னப் பிள்ளை இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மில்டன், காலிடன், டரம் பக்கமே தோட்டங்கள் உண்டு. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள் என்பதே என் கட்சி.

எந்த மாசம் போகணும்? தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்ட் சரியா இருக்குமா?

மரத்தில் பழம் இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்காது. கனடாவில் தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை. இலைகள் சிவந்து மஞ்சளாகி நிற்கிற நேரமும் அதுதான் என்பதால் ஊரே கிளம்பிவிடும். உங்களால் வார நாளில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்க முடிந்தால் அதுதான் சொர்க்கம். முடியாவிட்டால் சனி, ஞாயிறில் தோட்டம் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் மரங்கள் வரை ஏற்றிப்போகும் டிராக்டர் வண்டிக்கு வரிசையில் நின்றே பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும்.

எல்லா ஆப்பிளும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. இங்கே ஆகஸ்ட் கடைசியில் பாலா ரெட் ஆரம்பித்து வைக்கும். செப்டம்பர் முதல் பாதியில் காலா, நடுவில் மெக்கின்டாஷ், அதை ஒட்டி ஹனிகிரிஸ்ப், மாதக் கடைசியில் கோர்ட்லண்டும் எம்பயரும். அக்டோபரில் ரெட் டெலிஷியஸ், அம்ப்ரோசியா, ஐடா ரெட், நார்தர்ன் ஸ்பை. ஃபூஜி இன்னும் பின்னால். வெயிலும் குளிரும் எப்படி என்பதைப் பொறுத்து ஒரு வாரம் முன்னே பின்னே போகும். சிறு பிள்ளையோடு போக எனக்குப் பிடித்த நேரம் செப்டம்பர் நடு: குளிர் இல்லை, பழம் இனிப்பு, கூட்டம் இன்னும் கிளம்பியிருக்காது. மே மாதத்தில் பூ பூத்திருந்த நேரம் கடும் பனி விழுந்த வருஷமானால், பறிக்க விடுகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகை நல்லா இருக்கும்? பெயரெல்லாம் குழப்புது.

பிள்ளைக்கு என்றால் காலா அல்லது ஹனிகிரிஸ்ப். காலா சின்னதாக இருக்கும், குட்டிக் கைக்கு அடங்கும், புளிப்பு குறைவு. ஹனிகிரிஸ்ப் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட வகை. கடித்தால் 'நறுக்'கென்று உடைந்து சாறு முழங்கை வரை வழியும். அதனாலேயே விலை கூடுதல், அதனாலேயே முதலில் தீர்ந்துபோகும். ஹனிகிரிஸ்புக்குத் தனிப் பை, தனி விலை வைக்கும் தோட்டங்களும் உண்டு.

மெக்கின்டாஷ் இந்த மண்ணுக்கே உரிய ஆப்பிள். தோல் கருஞ்சிவப்பு, சதை பால் வெள்ளை, வாசனை தூக்கும். ஆனால் லேசாகப் புளிக்கும், சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும். பறித்த அன்று சாப்பிட்டால் அதற்கு நிகர் இல்லை; மூன்று வாரம் கழித்துச் சாப்பிட்டால் "இதையா புகழ்ந்தார்கள்?" என்று தோன்றும். எம்பயர் என்பது மெக்கின்டாஷையும் ரெட் டெலிஷியஸையும் கலந்து நியூயார்க் மாநிலத்தில் உண்டாக்கியது. டிபன் டப்பாவுக்கு ஏற்றது. கோர்ட்லண்டை நறுக்கி வைத்தால் சட்டென்று பழுப்பேறாது. பழக்கலவை செய்கிறவர்கள் அதைத் தேடிப் பறியுங்கள்.

என்ர மகனுக்கு ஒன்றரை வயசுதான். இப்பவே கூட்டிக்கொண்டு போறதில அர்த்தம் இருக்கா?

இருக்கிறது. ஆப்பிள் மரம் என்றதும் ஏணி போட்டு ஏறுகிற உயரத்தை நினைத்துக்கொள்கிறோம். இப்போதைய தோட்டங்களில் மரங்களைக் குட்டை வேர்க்கட்டையில், அதாவது உயரமாக வளராத வேறொரு மரத்தின் வேர்ப்பகுதியில், ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த எம்-9 என்ற வேர்க்கட்டை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதில் மரம் எட்டுப் பத்து அடிக்கு மேல் போகாது, கம்பியில் கட்டிய பந்தல் மாதிரி வரிசையாக நிற்கும், கீழ்க்கிளைப் பழம் பிள்ளையின் முகத்துக்கு நேரே தொங்கும். எந்தத் தோட்டத்தில் குட்டை மரம் இருக்கிறது என்று படங்களைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பழைய பெரிய மரங்கள் உள்ள தோட்டம் அழகுதான், ஆனால் ஒன்றரை வயதுக்காரனுக்கு அங்கே வேலை இல்லை.

எதிர்பார்ப்பை மட்டும் வயதுக்குத் தகுந்தபடி வையுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் நாலைந்து பழம் பறிப்பான், மீதி நேரம் பையிலிருந்து எடுத்து வெளியே போடுவான், திரும்பப் பைக்குள் போடுவான். அவனுக்கு அதுதான் திருவிழா. நாலு வயதுக்கு மேல் என்றால் ஒரு வரிசையைத் தானே முடிக்க வேண்டும் என்று நிற்பார்கள்.

என்ன டிரஸ் போடணும்? ஸ்ட்ரோலர் கொண்டுபோகலாமா?

காலையில் எட்டு டிகிரி, மதியம் பதினெட்டு டிகிரி என்று இருக்கும் பருவம் இது. ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட, கழற்றக் கழற்ற உள்ளே இன்னொன்று இருக்கும்படி மெல்லிய உடைகளை அடுக்கிப் போடுங்கள். முழுக்கால் பேன்ட் கட்டாயம்; காரணம் உண்ணிக் கேள்வியில் வருகிறது. காலைப் பனியில் புல் நனைந்திருக்கும், அதனால் ரப்பர் பூட்ஸ். மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி காரில் கிடக்கட்டும். புதுச் சட்டையைப் படத்துக்காகப் போட்டால் சாறு கறை போகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சின்னச் சக்கர ஸ்ட்ரோலர் புல்லிலும் சேற்றிலும் சிக்கும். பெரிய சக்கரம் என்றால் சரி. துணி வண்டி, அதாவது நாலு சக்கரம் வைத்த இழுவண்டி இருந்தால் அதுவே சிறந்தது: போகும்போது பிள்ளை, வரும்போது பிள்ளையும் ஆப்பிளும்.

பறிக்கிறதுக்கு ஏதாவது முறை இருக்கா, இல்ல இழுத்தா வந்துடுமா?

இழுத்தால் வரும், கூடவே கிளையும் வரும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி மேலே தூக்கி, லேசாகத் திருகுங்கள். பழுத்த பழம் 'டக்'கென்று காம்போடு கையில் வந்துவிடும். வரவில்லை என்றால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள். காம்பு மரத்தோடு சேரும் இடத்தில் தடித்த ஒரு சிறு குச்சி இருக்கும். சுருக்கம் சுருக்கமாக, விரல் நுனி அளவுக்கு. அடுத்த வருஷத்துப் பூமொட்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் அது உடைந்துவிடும், அந்த இடத்தில் வரும் வருஷம் காய்க்காது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல வழி, "ஆப்பிளை வானத்தைப் பார்க்கச் சொல்லு" என்பது. மூன்று வயதுக்குப் புரிகிறது. மரத்தை உலுக்கக் கூடாது, ஏறக் கூடாது. ஒன்று உலுக்கினால் பத்து விழும், விழுந்தது யாருக்கும் ஆகாது. பைக்குள் எறியாமல் வைக்கச் சொல்லுங்கள். அடிபட்ட இடம் மறுநாளே பழுப்பாகும்.

சிவப்பா இருந்தா பழுத்ததுன்னு அர்த்தமா?

இல்லை. சில வகை பிஞ்சிலேயே சிவந்துவிடும். சிவப்பை விட்டுவிட்டு, சிவப்புக்கு நடுவில் தெரியும் அடிநிறத்தைப் பாருங்கள். பச்சை போய் இளமஞ்சள் ஆகியிருந்தால் பழுத்தது. சந்தேகமாக இருந்தால் ஒன்றை அறுத்து விதையைப் பார்க்கலாம். பழுப்பு நிறமென்றால் சரி, வெள்ளையாக இருந்தால் காய். வெயில் படும் வெளிப்பக்கத்துப் பழங்கள் முதலில் பழுக்கும், உள்பக்கம் அப்புறம்.

தோலில் சொரசொரப்பான பழுப்புத் திட்டு, சின்னச் சின்னக் கரும்புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம். அது தோல் நோய்தான், அந்த இடத்தைச் சீவிவிட்டுச் சாப்பிடலாம். துளை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்.

பெரிய பை வாங்கினா லாபம்னு சொல்றாங்களே?

கிலோவுக்குக் கணக்குப் போட்டால் லாபம்தான். ஆனால் ஒரு புஷல் என்பது ஏறக்குறைய 19 கிலோ. அரை புஷல் 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் பாதியான பெக் என்ற அளவு சுமார் 5 கிலோ. ஒரு பிள்ளை, இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு பெக் தாராளம். சமைக்கவும் போகிறீர்கள் என்றால் அரை புஷல். லாபத்துக்கு ஆசைப்பட்டு ஒரு புஷல் வாங்கியவர்களின் வீட்டில் தீபாவளிக்குப் பலகாரத்தோடு ஆப்பிளும் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

தோட்டத்துலயே கடிச்சுச் சாப்பிடலாமா? மருந்து அடிச்சிருப்பாங்களே?

பெரும்பாலான தோட்டங்களில் ஒன்றிரண்டு ருசி பார்ப்பதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கடித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிப்பதுதான் அவர்களுக்கு எரிச்சல். பிள்ளை கடித்துப் போட்டதை அப்பா சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மருந்து அடிக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் சட்டப்படி கெடு உண்டு. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவிக் கொடுத்தால் போதும். தோலின் மேல் மங்கலாகத் தெரியும் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் ஆப்பிள் தானே சுரக்கும் மெழுகு. துணியில் துடைத்தால் பளபளக்கும். வீட்டுக்கு வந்து இன்னும் சுத்தமாகக் கழுவ நினைப்பவர்களுக்கு: 2017-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் காலா ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது தோலின் மேலிருந்த மருந்து நன்றாகப் போனது. தோலுக்குள் இறங்கியது முழுதும் போகவில்லை. ஒரு லிட்டருக்கு இரண்டு சின்னக் கரண்டி சோடா, பிறகு நல்ல தண்ணீர்.

எத்தனை வயசுல முழு ஆப்பிள் கையில குடுக்கலாம்?

கையில் பிடித்து விளையாட எந்த வயதும் சரி. தின்பதற்கு நாலு வயது வரை கவனம் தேவை. வேகவைக்காத ஆப்பிள் கெட்டியானது. கடைவாய்ப் பல் இல்லாத பிள்ளையால் அரைக்க முடியாது. துண்டு அப்படியே தொண்டைக்குள் போய் அடைத்துவிடும். சின்னவர்களுக்குத் துருவிக் கொடுங்கள், அல்லது ஆவியில் வேகவைத்து. கொஞ்சம் பெரியவர்களுக்குக் காகிதம் போல மெல்லிய வில்லைகள். ஒரு சின்னத் துருவியை டப்பாவில் போட்டுத் தோட்டத்துக்கே கொண்டுபோகலாம்.

ஓடிக்கொண்டே தின்னக் கூடாது. குலுங்கும் டிராக்டர் வண்டியிலும் கூடாது. திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் ஆப்பிளைக் கொடுத்து உட்காரவைப்பது எல்லாரும் செய்வது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதால் அதையும் செய்யாதீர்கள். விதை ஒன்றிரண்டு விழுங்கிவிட்டான் என்று ராத்திரி பதறிச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு: மெல்லாமல் விழுங்கிய சில விதைகளால் ஒன்றும் ஆகாது.

கீழ விழுந்து கிடக்கிறது நல்லாத்தானே இருக்கு? எடுத்தா என்ன?

எடுக்க வேண்டாம். ஊரில் மாமரத்தடியில் பொறுக்கித் தின்று வளர்ந்தவர்களுக்கு இது மனசுக்குக் கஷ்டம்தான். இங்கே ராத்திரியில் மான்கள் தோட்டத்துக்குள் வந்துபோகும், அவற்றின் எச்சம் புல்லில் கிடக்கும். அதில் ஈ-கோலை கிருமி இருக்கலாம். பெரியவர்களை வயிற்றுப்போக்கோடு விட்டுவிடும் அந்தக் கிருமி, ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தாக்கும் அபாயம் உண்டு. பிள்ளை குனிந்து எடுப்பதைத் தடுக்க முடியாது, அதன் கைக்கு எட்டுவதே அதுதான். எடுக்கட்டும், வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

அங்க விக்கிற சைடர் சாராயமா? பிள்ளைக்குக் கொடுக்கலாமா? டோனட்ல முட்டை இருக்கா?

கனடா, அமெரிக்கத் தோட்டங்களில் வெறும் சைடர் என்று எழுதியிருந்தால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, போதை கிடையாது. 'ஹார்ட் சைடர்' என்பதுதான் மது. அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, சாறு பாஸ்டுரைஸ் செய்ததா, அதாவது கிருமி சாகும்படி சூடாக்கியதா என்பது. முந்தின பதிலில் சொன்ன அதே ஈ-கோலைதான் காரணம். 1996-ல் அமெரிக்காவில் பாஸ்டுரைஸ் செய்யாத ஆப்பிள் சாற்றால் பலர் நோயுற்று ஒரு குழந்தை இறந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே எச்சரிக்கை வாசகங்களும் விதிகளும் வந்தன. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பாஸ்டுரைஸ் செய்யாததைக் குடிக்கக் கூடாது என்று கனடா சுகாதாரத் துறையும் சொல்கிறது. வாங்கியாகிவிட்டது என்றால் கொதிக்கவைத்து, பட்டை ஒரு துண்டு போட்டுக் குடிக்கலாம். ருசியும் கூடும்.

டோனட்டில் பொதுவாக முட்டை உண்டு. புரட்டாசி விரதக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்றும் சேர்த்தே கேளுங்கள்.

குளவி நிறைய இருக்குமாமே?

இருக்கும். மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட குளவி, கோடையில் தன் கூட்டுப் புழுக்களுக்காகப் பூச்சி வேட்டையாடும். இலையுதிர்காலத்தில் புழுக்கள் குறைந்துவிடுவதால் இனிப்பைத் தேடி அலையும். அழுகிக் கிடக்கும் ஆப்பிள்தான் அதற்குச் சாப்பாட்டுக்கடை. குப்பைத் தொட்டிக்கும் அழுகல் குவியலுக்கும் பக்கத்தில் பாயை விரிக்காதீர்கள். சாற்றைத் திறந்த டம்ளரில் கொடுக்காமல் மூடியுள்ள குவளையில் கொடுங்கள். உள்ளே விழுந்த குளவி வாய்க்குள் கொட்டுவதுதான் ஆபத்து. கை வீசினால் சீறும். நின்று, மெல்ல நகருங்கள்.

கொட்டிவிட்டால் கழுவி ஐஸ் வையுங்கள். முகம் உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெல்லாம் தடிப்பது, திடீரென்று வாந்தி என்று எது வந்தாலும் உடனே 911. முன்பே ஒவ்வாமை தெரிந்த பிள்ளையானால் எபிபென் என்ற அவசர ஊசி காரில் இல்லை, உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும்.

உண்ணி பத்தி ரொம்பப் பயமுறுத்துறாங்க. உண்மையா?

தெற்கு ஒன்டாரியோவில் லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி பல இடங்களில் இருக்கிறது, இலையுதிர்காலத்திலும் சுறுசுறுப்பாகத் திரியும். வரிசைகளுக்கு நடுவில் வெட்டிவிட்ட புல்லில் பயம் குறைவு. தோட்டத்து ஓரத்துப் புதரும் மரக்கூட்டமும்தான் அதன் இடம். அங்கே போய் ஒளிந்து விளையாட விடாதீர்கள். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கவைத்து, முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி, இடுப்புப் பட்டி இருந்த இடம் என்று தடவிப் பாருங்கள். எள் அளவுதான் இருக்கும். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு. தேதியை எழுதிவைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். போட்டிருந்த துணியைத் துவைப்பதற்கு முன் உலர்த்தியில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒளிந்திருப்பவை செத்துவிடும்.

சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா? பாத்ரூம் எப்படி?

வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத தோட்டங்கள் பல. அவர்கள் வியாபாரம் அதில்தான். அதனால் புளியோதரையும் உருளைக்கிழங்கும் காரிலேயே இருக்கட்டும். கிளம்பும்போது வழியில் ஏதாவது பூங்காவில் நிறுத்திச் சாப்பிடலாம். பிள்ளைக்கான சாப்பாட்டுக்கு யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை.

பாத்ரூம் என்பது அநேகமாக நீலநிறப் பிளாஸ்டிக் கூண்டு. இப்போதுதான் டயப்பரை விட்ட பிள்ளைக்கு அது பயத்தைக் கொடுக்கும். வீட்டில் பழகின பிளாஸ்டிக் கழிப்பு இருக்கையைக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு போவது உத்தமம். ஆடு, முயல் தடவும் இடம் இருந்தால் அதற்குப் பிறகு சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

பத்து நிமிஷத்துல "போதும், வீட்டுக்குப் போலாம்"னு ஆரம்பிச்சுட்டா என்ன பண்றது?

போய்விடுங்கள். ஐம்பது டாலர் கொடுத்திருக்கிறோமே என்று இழுத்துப் பிடித்து வைத்திருப்பதில்தான் பெரும்பாலான அழுகை பிறக்கிறது. மூன்று வயதுக்கு நாற்பத்தைந்து நிமிடம் பறிப்பதே அதிகம். சோளக்காட்டுப் புதிர்ப்பாதை, பூசணி வயல், வைக்கோல் மலை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. முதலில் பறித்துவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம். களைத்த பிள்ளைக்குப் பறிக்கப் பொறுமை இருக்காது.

கிளம்புவதற்கு முன் சலிப்பைத் தள்ளிப்போட ஒன்று செய்யலாம். பெரிய பையைத் தூக்கச் சொல்லாமல் அதற்கென்று ஒரு கடற்கரை வாளியைக் கொடுங்கள். "பாட்டிக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று" என்று ஆள் சொல்லிப் பறிக்கவைத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும். புதிர்ப்பாதைக்குள் போகிறவர்கள் வாசலிலேயே பிள்ளையை ஒரு படம் எடுத்துவையுங்கள். தொலைந்தால் என்ன சட்டை என்று யோசிக்க வேண்டியிருக்காது.

எங்க அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, முட்டி வலி. அவங்களால வர முடியுமா?

டிராக்டர் வண்டி மரங்கள் வரை கொண்டுபோய் விடும் தோட்டமாகப் பாருங்கள். வண்டிப் படி உயரமாக இருக்கும், கை கொடுத்து ஏற்ற வேண்டும். மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் போய் வரிசை முனையில் போட்டுவிட்டால், அம்மா உட்கார்ந்தபடியே குட்டை மரத்தில் பறிப்பார், பேரனையும் பார்த்துக்கொள்வார்.

அக்டோபரில் கூட்டிப்போனால் ரெட் டெலிஷியஸைக் காட்டுங்கள். ஊரில் சிம்லா ஆப்பிள் என்று வாங்கியது பெரும்பாலும் அந்த வம்சம்தான். பிலடெல்ஃபியாவிலிருந்து இமாசலத்துக்குப் போய்க் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், நூறு வருஷங்களுக்கு முன் கோட்கட் மலைச்சரிவில் அந்த மரங்களைக் கொண்டுபோய் நட்டார்.

ஆப்பிள் சாப்பிட்டதும் வாய் அரிக்குதுன்னு அழறா. வேகவச்சுக் குடுத்தா ஒண்ணும் ஆகல. ஏன்?

வசந்தத்தில் பிர்ச் மரத்து மகரந்தத்தால் தும்மும் பிள்ளைகளிடம் இது வருவதுண்டு. ஆப்பிளில் உள்ள ஒரு புரதம் அந்த மகரந்தத்தின் புரதத்தை ஒத்திருப்பதால் உடம்பு இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறது. சூட்டில் அந்தப் புரதம் சிதைந்துவிடுவதால் வேகவைத்தது ஒத்துக்கொள்கிறது. பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யும்வரை பச்சையாகக் கொடுக்காதீர்கள். குளவிக் கேள்வியில் சொன்ன அறிகுறிகள் வந்தால் இதற்கும் 911தான்.

கொண்டுவந்ததை எப்படி வைக்கிறது? என்ன செய்யிறது?

கழுவாமல், ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில். ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். அடிபட்டதை முதலில் எடுத்துத் தீர்த்துவிடுங்கள். மெக்கின்டாஷை முதலில் தின்று, ஹனிகிரிஸ்பையும் ஃபூஜியையும் பிறகுக்கு வையுங்கள்.

மெக்கின்டாஷ் வேகவைத்தால் தானே கரைந்துவிடும். தோல் சீவி, கால் டம்ளர் தண்ணீரில் பதினைந்து நிமிடம், மசித்து ஐஸ் தட்டில் உறையவைத்தால் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைக்கு ஆகும். சர்க்கரை தேவையில்லை. பெரியவர்களுக்கு ஆப்பிள் தொக்கு. புளிப்பு உள்ள நார்தர்ன் ஸ்பை போன்ற வகையைத் தோலோடு துருவி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறி, இறக்கும்போது வறுத்த வெந்தயப்பொடி ஒரு சிட்டிகை. மாங்காய் அளவு புளிப்பு வராது என்பதால் அரை எலுமிச்சை பிழியுங்கள். நீர் அதிகம் உள்ள பழம், அதனால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஆப்பிள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கணக்குப் பார்த்தா கடையிலேயே மலிவு. எதுக்கு இந்த அலைச்சல்?

கணக்கு சரிதான். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், டோனட் எல்லாம் சேர்த்தால் கடை ஆப்பிள்தான் மலிவு. பழம் மட்டும் வேண்டும் என்றால் அதே தோட்டத்து வாசல் கடையில் பறித்து வைத்ததை நுழைவுக் கட்டணம் இல்லாமல் வாங்கிவிட்டுத் திரும்பலாம், பலரும் செய்கிறார்கள். காசு கொடுப்பது பிள்ளை மரத்தடியில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு. அது உங்களுக்குப் பெறும் என்றால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம். செலவைக் குறைக்க வழி, ஆடம்பரம் இல்லாத சின்னத் தோட்டத்தைத் தேடுவது: குதிக்கும் பலூன் மெத்தையும் ராட்டினமும் இல்லாத இடத்தில் கட்டணமும் குறைவு.

"விதையை நட்டா இதே ஆப்பிள் வருமா?"ன்னு என் பொண்ணு கேட்கிறா. என்ன சொல்றது?

மரம் வரும், இதே ஆப்பிள் வராது என்று சொல்லுங்கள். ஒரு ஆப்பிள் வகையின் பூ பெரும்பாலும் வேறு வகையின் மகரந்தத்தால்தான் காய்க்கும். ஆகவே ஒவ்வொரு விதையும் புதுக் கலவை, அம்மா மாதிரியும் இல்லாமல் அப்பா மாதிரியும் இல்லாமல். அதே பழம் வேண்டும் என்றால் அந்த மரத்தின் குச்சியை இன்னொன்றில் ஒட்டுக்கட்ட வேண்டும். 1811-ல் கிழக்கு ஒன்டாரியோவின் டன்டேலாவில் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி காடு திருத்தும்போது தானாக முளைத்திருந்த சில கன்றுகளைக் கண்டு எடுத்து நட்டார். அதில் ஒரு மரத்துக் கிளையிலிருந்து ஒட்டுக்கட்டி, அதிலிருந்து இன்னொன்று என்று வந்தவைதான் உலகத்திலுள்ள எல்லா மெக்கின்டாஷ் மரங்களும். மகள் பறித்தது மெக்கின்டாஷ் என்றால் அதுவும் அந்த ஒரே மரத்தின் பழம்தான். ஆப்பிள் கம்பெனியின் கணினிக்கு, எழுத்தை மட்டும் மாற்றி, வைத்த பெயரும் இதுவே.

நட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் நட்டே பாருங்கள். விதையைக் கழுவி, ஈரக் காகிதத்தில் சுருட்டி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். குளிர்காலம் கடந்துவிட்டது என்று விதை நம்பினால்தான் முளைக்கும். காகிதம் காயாமல் வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பதை மகளிடமே ஒப்படைக்கலாம். ஐந்தாறு விதையாக வையுங்கள், எல்லாம் முளைக்காது. முளைத்ததைத் தொட்டியில் வைத்து, பனி முடிந்த மே மாதக் கடைசியில் வெளியே எடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் பாவம் என்று வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள். தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கி, வேரைச் சுற்றி உதிர்ந்த இலையைக் குவித்து வெளியிலேயே விடுங்கள்.